எவர்சில்வர் அடுப்பின் கால்கள்

என் தங்கையின் சமையல் கூடத்துக்கு எவர்சில்வரில் அடுப்பு ஸ்டாண்டு செய்யச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அதைச் செய்துகொடுத்த பட்டறைக்காரரைத்தான் திட்டுகிறார்கள். நானும் பல நேரம் மறுத்துப் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

அடையாறில் உலோகங்களைப் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில் எனக்கு வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கட்டடக் கம்பி, பாய்லர் குழாய், லிஃப்ட் கயிறு என்று யாராவது எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அவற்றை இழுத்து, வளைத்து, அடித்து, எப்படி உடைகிறது என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். "எங்க அக்காவுக்கு உடைக்கிறதுக்குத்தான் சம்பளம்" என்று தங்கை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடையது சமையல் ஆர்டர் எடுத்துச் செய்யும் தொழில். மந்தைவெளியில் ஒரு சந்துக்குள், தகரக் கூரை போட்ட நீளமான ஷெட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். சமையலுக்கு ஒரு மாஸ்டர், அவருக்குத் துணையாக அவர் மனைவி, பாத்திரம் கழுவ ஒரு அக்கா, சாப்பாட்டை ஏற்றிப் போக வழக்கமான ஒரு ஆட்டோக்காரர். அவ்வளவுதான் ஆட்கள். முன்பு அங்கே இரும்பு ஸ்டாண்டுகள் இருந்தன. பர்னர் கீழே இருக்கும், அதன் மேல் நான்கு கால் வைத்த ஸ்டாண்டு, ஸ்டாண்டின் மேல் அண்டா. ஒரு வளைகாப்பில் ரசத்தில் துருச் செதில் மிதந்து, அந்த வீட்டுக்காரர்கள் கரண்டியில் எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார்கள். அன்று அழுதுகொண்டே போன் செய்தாள்.

"எவர்சில்வர்ல போட்டுடு. துருங்கிற பேச்சே இருக்காது" என்றேன்.

கோடம்பாக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் கிடைத்தார். மறுநாள் அவரே என்னைக் கூப்பிட்டார். "எந்த கிரேடும்மா போடறது? நீங்க இந்த லைன்ல இருக்கீங்களாமே, உங்க தங்கச்சி சொன்னாங்க" என்று கேட்டார். நான் அப்போது இழுவை இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கம்பி நீண்டு மெலிந்து, இதோ உடையப் போகிறது. "நல்லா கனமா, துரு பிடிக்காததா போடுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். நாள் முழுக்க மற்றவர்களுக்கு கிரேடு பார்த்துச் சொல்கிறவள் நான். என் தங்கைக்கு நான் சொன்னது அந்த ஒரு வரிதான்.

ஸ்டாண்டுகள் வந்தன. நான்கு. விரல் தடிமனுக்குக் கம்பி, பளபளவென்று. பார்க்க வருகிற வாடிக்கையாளர்களிடம் தங்கை அடுப்பைத்தான் முதலில் காட்டினாள். தீ படும் இடம் மட்டும் முதலில் வைக்கோல் நிறமானது, பிறகு நீலம் பாய்ந்தது, கடைசியில் கருத்துப்போனது. துரு மட்டும் வரவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

எட்டு மாதம் போயிருக்கும். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆழ்வார்பேட்டையில் ஒரு அறுபதாம் கல்யாணம், காலை டிபனும் மதியச் சாப்பாடும் தங்கையின் பொறுப்பு. அவள் என் வீட்டில் மறந்து வைத்துப்போன மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஒன்பது மணி வாக்கில் ஷெட்டுக்குப் போனேன். டிபன் போய்விட்டது. மதியத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. முதல் அடுப்பில் பெரிய இரும்பு வாணலி நிறைய எண்ணெய், மாஸ்டர் வடை தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே அவர் மனைவி முக்காலியில் உட்கார்ந்து, வெந்த வடைகளை வாங்கிக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது அடுப்பில் சாம்பார் அண்டா. மூன்றாவதில் பாயசத்துக்குப் பால்.

நான்காவது ஸ்டாண்டு குழாயடியில் கிடந்தது. முந்தின நாள் அதில் சாதம் பொங்கி வழிந்திருந்ததால் பாத்திரம் கழுவும் அக்கா அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்து முடித்து, சாய்த்து வைக்கப் போனவர் கையிலிருந்து அது நழுவியது. முழங்கால் உயரம்கூட இருக்காது. சிமெண்ட் தரையில் விழுந்தது.

இரும்பு விழுந்தால் வரும் 'ணங்' சத்தம் வரவில்லை. சட்டி விழுந்த மாதிரி ஒரு 'டக்'. ஒரு கால் தனியே முறிந்து சாக்கடை வரை உருண்டு போனது.

"இன்னாக்கா இது, எவர்சில்வருன்னீங்க, பீங்கான் கணக்கா உடையுது!" என்று அவர் சிரித்தார்.

நானும் சிரித்துக்கொண்டேதான் குனிந்து அதை எடுத்தேன். கம்பி உடைந்த இடத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நல்ல எவர்சில்வர் உடையாது. வளையும், நீளும், இழுபட்டு மெலிந்து, கடைசியில்தான் கிழியும். கிழிந்த இடம் மங்கலாக, நார் நாராக இருக்கும். என் கையில் இருந்த துண்டு கொஞ்சம்கூட வளையவில்லை. வெட்டி எடுத்த மாதிரி தட்டையான முகம், அதில் கற்கண்டு போல மின்னும் பொடிப்பொடி மணிகள். என் வேலையில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்த ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஏதோ ஒன்று விழுந்திருக்கும், அல்லது வெடித்திருக்கும்.

சும்மா உறுதி செய்துகொள்ளலாம் என்று அம்மிக் குழவியை எடுத்து இன்னொரு காலை லேசாகத் தட்டினேன். பிஸ்கட் மாதிரி போய்விட்டது.

என்ன நடந்திருக்கும் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது அதில் கலந்திருக்கும் குரோமியம். அது அதிகம் இருக்கும் சில ரகங்களைச் செக்கச் சிவக்கும் சூட்டில் மணிக்கணக்காக, நாள்கணக்காக வைத்தால், உள்ளே இருக்கும் குரோமியமும் இரும்பும் கூடிப் புதிதாக ஒன்றாகிவிடும். கல் மாதிரி கெட்டியாக, கொஞ்சமும் வளைந்து கொடுக்காத ஒன்று. கம்பிக்குள் மணி மணியாக இருக்கிற உலோகத்தின் ஓரங்களில் அது படிந்துகொண்டே வரும். வெளியே ஒன்றும் தெரியாது. கம்பி அதே கம்பி, எடை அதே எடை. ஆனால் ஒரு தட்டு போதும், அந்தக் கல்வழியே பிளந்துவிடும். துரு பிடிக்காமல் இருக்கச் சேர்த்த பொருள்தான் அதை உள்ளேயிருந்து கெடுக்கிறது. எல்லா எவர்சில்வரும் இப்படி ஆகாது. வீட்டுச் சட்டி பானைக்கு இந்தப் பயம் தேவையே இல்லை. எந்த ரகம் ஆகும் என்பதைத்தான் அன்று பட்டறைக்காரர் என்னிடம் கேட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். ஒரே கம்பியில், ஒரே நாளில் செய்த மற்ற மூன்று ஸ்டாண்டுகளும் தீயின் மேல் நின்றுகொண்டிருந்தன. முதல் ஸ்டாண்டின் மேல் கொதிக்கும் எண்ணெய். அதிலிருந்து இரண்டு முழம் தள்ளி மாஸ்டர் மனைவியின் முழங்கால்கள்.

தங்கையின் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் துண்டைக் காட்டினேன். "மத்த மூணும் இதே மாதிரிதான் இருக்கும். அந்த எண்ணெய் நிக்கிற ஸ்டாண்டும்."

அவள் திரும்பி ஓடி, சிலிண்டர் வால்வில் கை வைத்தாள்.

"நிறுத்தாத!" என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. மாஸ்டர் கரண்டியோடு திரும்பினார்.

விஷயம் இதுதான். சிவக்கக் காய்ந்திருக்கும்போது அந்தக் கம்பி கொஞ்சம் இளக்கமாக இருக்கும், பாரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆற ஆறத்தான் கண்ணாடி ஆகும். தீயை அணைத்தால், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கால்கள் கண்ணாடியாக மாறும், மேலே எண்ணெய் கொதித்தபடியே இருக்கும். அணைக்காமல் விட்டால் எண்ணெய் காய்ந்துகொண்டே போய்ப் புகைந்து தீப்பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் கூடத்தில் அதற்கு இயந்திரம் இருக்கிறது. அங்கே இருந்தது என் வாய்ப்பேச்சு மட்டும்தான்.

"இன்னா மேடம், இன்னா ஆச்சு?" என்றார் மாஸ்டர்.

சொன்னேன். அவர் குனிந்து ஸ்டாண்டைப் பார்த்தார். "நல்லாத்தானே கீது? காலைல இதும்மேலதான் அண்டாவைத் தூக்கி வெச்சேன். ஒண்ணும் ஆவலையே."

ஆறிக் கிடந்த ஸ்டாண்டின் மேல் தினமும் விடியற்காலையில் அவர் அண்டாவைத் தொம்மென்று இறக்குவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! எத்தனை மாதமாக?

கையிலிருந்த துண்டை அவர் பார்க்கத் தரையில் போட்டேன். இரண்டாகப் போனது. மாஸ்டர் சட்டென்று திரும்பி, மனைவியைப் பார்த்து, "எந்திரி. அந்தாண்ட போ" என்றார்.

அந்த அம்மா எழுந்தார். ஆனால் போகவில்லை. "எண்ணெய மொண்டு ஊத்தணும்னா குண்டானை யாரு பிடிப்பா? நீ ஒண்டியா எப்படி?" என்றார்.

அதுதான் வழி என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. வாணலியை அப்படியே தூக்க முடியாது. கொஞ்சம் சாய்ந்தாலும் தூக்குகிறவர்கள் கதி அதோகதி. தீயைச் சிறிதாக்கி, எண்ணெயை மொண்டு மொண்டு குறைக்க வேண்டும். தீயைக் குறைக்கச் சொன்னதும் நான்தான். அது சரியா என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது.

தங்கை பாத்திரம் கழுவும் அக்காவை வெளியே அனுப்பினாள். "ஒரு சொட்டுத் தண்ணி அந்தப் பக்கம் போகக் கூடாது" என்று குழாயை இறுக மூடினாள். சூடான கம்பியில் தண்ணீர் பட்டால் சட்டென்று ஆறிப் பிளந்துவிடும் என்று நான் சொல்லியிருந்தேன். ஈரம் இல்லாத குண்டான்களைத் துணியால் மறுபடி துடைத்து வரிசையாக வைத்தாள். ஆட்டோக்காரர் வாசலில் நின்றிருந்தார். அவரிடம் சாக்குத்துணியைக் கொடுத்துத் தயாராக இருக்கச் சொன்னோம்.

என் வேலை கால்களைப் பார்ப்பது. தரையில் குந்தி, பர்னருக்குப் பக்கவாட்டில், மூன்று முழம் தள்ளி உட்கார்ந்தேன். வெல்டிங் வைத்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. கரியா, கீறலா? கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அது முன்னமே இருந்ததா, இப்போது வந்ததா? நீள்கிறதா? தீ ஆடும்போதெல்லாம் அது நீள்கிற மாதிரியே இருந்தது.

மாஸ்டர் நீளக் கரண்டியால் மொண்டார். ரப்பர் செருப்பு போட்ட கால்கள். எண்ணெய் குண்டானில் விழும் சத்தம் தவிர ஷெட்டில் வேறு சத்தமே இல்லை. வெளியே சந்தில் யாரோ பூ விற்றுக்கொண்டு போனார்கள். அவர் மனைவி குண்டானை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். அந்தத் திரும்பிய முகம்தான் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. மற்ற எதையும் அவரால் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு குண்டான் நிறைந்தது. தங்கை அதை நகர்த்தி அடுத்ததை வைத்தாள். அப்போது அவள் கால் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போனது. "காலு!" என்றேன். அவள் இடிக்கவில்லை. விரல்நீள இடைவெளி இருந்தது.

இரண்டாவது குண்டான். மூன்றாவது. எண்ணெய் புகைய ஆரம்பித்தது. மாஸ்டர் இரும ஆரம்பித்தார், ஆனால் கையை நிறுத்தவில்லை. நான் எழுந்து ஓடிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு கட்டத்தில் ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பாதி எழுந்தும்விட்டேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தேன்.

வாணலியில் கால்வாசி மிச்சம் இருக்கும்போது மாஸ்டர், "போதும், வா நைனா" என்று ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார். இருவரும் சாக்கை மடித்து இரண்டு காதுகளையும் பிடித்தார்கள். "மேல தூக்குங்க, இழுக்காதீங்க. ஒண்ணா தூக்கணும்" என்றேன். தூக்கினார்கள். நான்கு எட்டு நடந்து தரையில் இறக்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாம்பாரையும் பாலையும் அதே மாதிரி காலி செய்தோம். அதற்குள் பயம் கொஞ்சம் பழகிவிட்டிருந்தது. மூன்று பர்னரையும் அணைத்துவிட்டு எல்லாரும் சந்துக்கு வந்து நின்றோம். தங்கை ஆழ்வார்பேட்டைக்குப் போன் செய்து தனக்குத் தெரிந்த இன்னொரு சமையல்காரரிடமிருந்து மிச்சம் சாப்பாடு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் நிதானமாக இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து மாஸ்டர் உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். ஆறிக் கிடந்த முதல் ஸ்டாண்டைச் செருப்பு முனையால் தள்ளினார். உதைக்கவில்லை, தள்ளினார். இரண்டு கால் ஒரே நேரத்தில் போனது. மேல் சட்டம் தரையில் விழுந்து மூன்று துண்டாயிற்று. அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "எத்தினி நாளு மேடம் இதுங்கிட்ட நின்னுக்கினு இருந்தேன்" என்றார்.

தங்கை என்னைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். "நீதானே அக்கா சொன்ன" என்றாள். திட்டவில்லை, கத்தவில்லை. "உனக்குத் தெரியாததா இது?" என்று மட்டும் கேட்டாள்.

துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன். ஒரு துண்டை மெருகேற்றி, அமிலத்தில் தோய்த்து நுண்ணோக்கியில் வைத்தேன். நான் நினைத்தது அப்படியே இருந்தது, மணிகளின் ஓரமெல்லாம் அந்தக் கல் தீவு தீவாக. இன்னொரு துண்டை ஊசலின் கீழே வைத்தேன். உயரத்திலிருந்து விழும் கனமான சுத்தியல் அது. நல்ல எவர்சில்வர் என்றால் அதைத் தடுத்துக் குலுக்கிவிடும். இந்தத் துண்டை அது கண்டுகொள்ளவே இல்லை, எதிர்ப்பக்கம் போய் ஏறி நின்றது. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றிச் சட்டென்று தண்ணீரில் ஆற்றினால் அந்தக் கல் மறுபடி கரைந்துவிடும், கம்பி பழையபடி ஆகும். உலை இருந்தால் செய்யலாம். மந்தைவெளி ஷெட்டில் அது நடக்கிற காரியமா?

அன்று சாயங்காலமே கோடம்பாக்கம் போனேன். பட்டறைக்காரர் வயதில் என்னைவிடச் சிறியவர். துண்டைப் பார்த்ததும் கை வேலையை நிறுத்திவிட்டார். ஏதோ ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட கம்பி அது, குரோமியம் அதிகம் உள்ள உசத்தி ரகம். சாதாரண எவர்சில்வரைவிட பலம் என்று சொல்லித்தான் அவருக்கு விற்றிருக்கிறார்கள். பலம்தான், தீயில் காட்டாத வரைக்கும்.

"கேட்டேனேம்மா உங்களை" என்றார்.

"கேட்டீங்க. தப்பு என்னுதுதான்" என்றேன்.

அவர் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார், "அதே கம்பில இன்னும் நாலு செஞ்சேன்."

என் பயம் தீர்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது தொடங்கியது. தி.நகரில் ஒரு பெண்கள் விடுதிக்கு ஒன்று. மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு இட்லிக் கடைக்கு இரண்டு. நான்காவதை, பட்டறை வாசலில் வைத்திருந்ததைப் பார்த்து, வழியில் போன ஒருவர் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். பீச்சில் கடை போடப் போவதாகச் சொன்னாராம். எந்த பீச் என்று இவர் கேட்கவில்லை.

அவர் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து போனேன். இட்லிக் கடைக்காரர் உடனே கொடுத்துவிட்டார். விடுதிச் சமையல்காரம்மா, "நல்லா கீறத எதுக்கு மாத்தணும்?" என்று ஒரே பிடிவாதம். அடுப்பில் எதுவும் இல்லாத நேரம். பட்டறைக்காரர் சாவியால் ஸ்டாண்டின் காலைத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். இரண்டாம் முறை கொஞ்சம் ஓங்கித் தட்டினார். கால் எகிறிப் போய்ச் சுவரில் மோதியது. அந்த அம்மா அடுப்பிலிருந்து பின்பக்கமாகவே நடந்து கதவு வரை போய்விட்டார். பக்கத்துக் கூடத்தில் பெண்கள் சாப்பாட்டுக்குத் தட்டோடு வரிசையில் நின்றிருந்தார்கள்.

எல்லாருக்கும் கனமான இரும்பில் புதிதாகச் செய்து கொடுத்தார். தங்கைக்கும் இரும்புதான். வாரம் ஒருமுறை கம்பித் தூரிகையால் துருவைத் தேய்க்கிறார்கள். ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள், ஒரு ஆர்டருக்கு எத்தனை கிலோ பருப்பு ஊறப்போடலாம் என்று எனக்குத் தெரியவே தெரியாத ஒன்றைக் கேட்டுப் போன் செய்தாள். நானும் ஏதோ ஒரு கணக்கைச் சொன்னேன். மாஸ்டர் அங்கேயேதான் இருக்கிறார். அவர் மனைவி மட்டும் எண்ணெய்ப் பக்கம் வருவதில்லை, காய் நறுக்கப் போய்விட்டார். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பீச்சுக்கென்று வாங்கிப்போன அந்த நான்காவது ஸ்டாண்டு மட்டும் கிடைக்கவில்லை. மெரினாவில் இரண்டு ஞாயிறு நடந்தேன். பெசன்ட் நகரில் இப்போதும் சாயங்காலங்களில் நடக்கிறேன். நடக்கிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள், நான் பஜ்ஜிக் கடைகளின் வாணலிக்குக் கீழே பார்ப்பேன். போன வாரம் ஒரு கடைக்காரர், "இன்னாம்மா, கீழ இன்னாத்தப் பாக்குற? கவர்மென்டா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, டார்ச் அடித்துக் காட்டினார். துரு ஏறிய இரும்பு.

"இது தேஞ்சுதான் போவும், ஒடயாது" என்று சொல்லி ஒரு மிளகாய் பஜ்ஜியைத் தாளில் வைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். எண்ணெயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுதான் சாப்பிட்டேன்.